தொட்டிக்குச் சொல்லாத சேதி

ஒயின் எப்படிப் போடுகிறீர்கள் என்று யார் கேட்டாலும் எஜிஸ்தோ சொல்லும் பதில் ஒன்றேதான். "நான் ஒண்ணுமே செய்யறதில்லைங்க. எல்லாம் திராட்சையே பார்த்துக்கும்."

தோட்டத்தை உழுவதில்லை, வரிசைகளுக்கு நடுவே மொச்சை விதைத்து அப்படியே விட்டுவிடுவது. கொடிக்கு மயில்துத்தத்தைத் தவிர வேறு மருந்து கிடையாது. தொட்டியில் ஈஸ்ட் போடுவதில்லை, கந்தகம் கலப்பதில்லை, சூடு காட்டுவதில்லை, குளிரவைப்பதில்லை, வடிகட்டுவதுகூட இல்லை. அந்த ஊர்க் கருந்திராட்சையான சாஞ்சோவேசே தோலும் விதையுமாக உள்ளே போகும், தானே பொங்கும், தானே அடங்கும், பீப்பாயில் இரண்டு வருஷம் கிடந்துவிட்டுக் கோப்பைக்கு வரும். இந்த வேதாந்தத்தைக் கேட்பதற்கென்றே மிலானிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் கார் போட்டுக்கொண்டு ஆட்கள் வருவார்கள். அத்திமரத்தடியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு எஜிஸ்தோ இரண்டு மணி நேரம் பேசுவார். வந்தவர்கள் வாய் பிளந்து கேட்டுவிட்டு, "மகான்யா இந்த மனுஷன்" என்று சொல்லிக்கொண்டு போவார்கள்.

மனுஷன் பொய் சொல்லவில்லை. சத்தியமாக அவர் ஒன்றுமே செய்ததில்லை. செய்ததெல்லாம் அவர் பெண்டாட்டி ஆர்ஜியா.

ஒன்றும் சேர்க்காத ஒயினுக்குத்தான் முதுகொடிய வேலை என்பது அந்தத் தொழிலில் கை நனைத்த எவருக்கும் தெரியும். மருந்து கலக்கிறவன், அழுகல் பழம் நாலு விழுந்தாலும் நிம்மதியாகத் தூங்கலாம். கலக்காதவன் வீட்டில் யாராவது ஒருத்தர் ஒவ்வொரு குலையையும் கையில் எடுத்துப் பார்த்து, புண்பட்ட பழத்தைக் கிள்ளி எறிய வேண்டும். வாளி, குழாய், தொட்டி விளிம்பு எல்லாவற்றையும் வெந்நீர் விட்டுத் தேய்க்க வேண்டும். சாறு பொங்கும்போது தோலெல்லாம் மேலே எழும்பிக் கெட்டியாக ஏடு கட்டும். அதை ஆள் உயர மத்தால் நாளைக்கு மூன்று தரம் உள்ளே அமுக்க வேண்டும். ஒரு நாள் விட்டால் போயிற்று, தொட்டி முழுக்கக் காடிதான். முப்பத்தோரு வருஷம் அந்த மத்து ஆர்ஜியாவின் கையில் இருந்தது. நிலவறைக் காற்றில் நின்று நின்று அவளுக்கு ஒரு வறட்டு இருமலும் ஒட்டிக்கொண்டது. விருந்தாளிகளுக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். "உங்க வீட்டம்மாவா?" என்று யாராவது கேட்டால், "ஆமாங்க, அவளுக்கும் ஒயின்னா இஷ்டம்" என்பார் எஜிஸ்தோ. என்னத்தைச் சொல்ல!

ஜனவரி இரண்டாம் வாரம். கொடிகளைக் கவாத்து வெட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. பெல்ஜியத்திலிருந்து இரண்டு பேர் வந்து அடுப்படியில் கணப்புக்கு முன்னால் உட்கார்ந்து எஜிஸ்தோ பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆர்ஜியா வாசலில் வந்து நின்றாள்.

"எஜிஸ்தோ, கை மரத்துப் போற மாதிரி இருக்கு. கொஞ்சம் வாயேன்."

"ஒரு நிமிஷம்மா."

அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு கத்தரியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கே திரும்பிப் போனாள். அவருடைய ஒரு நிமிஷம் முடிய ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. அவர் தேடிப் போனபோது அவள் பதினோராவது வரிசையின் பாதியில், கொடியைப் பிடித்தபடி மண்டி போட்டுக் கிடந்தாள். அறுபத்திரண்டு வயசு. இதயம் நின்றுபோய் ஒரு மணி நேரம் ஆகிறது என்று டாக்டர் சொன்னார்.

அடக்கம் முடிந்து எட்டு நாள் எஜிஸ்தோ படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. ஒன்பதாம் நாள், பாதியில் நின்ற கவாத்தின் நினைப்பு வந்து, காலை இழுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். பதினோராவது வரிசை முடிந்திருந்தது. பன்னிரண்டும் முடிந்திருந்தது. பதினேழு வரைக்கும் சுத்தமாக வெட்டி, வெட்டிய குச்சிகளைக் கட்டுக்கட்டாகக் கட்டி வரிசை முனையில் அடுக்கியிருந்தது.

பக்கத்துத் தோட்டக்காரன் ரேமோவின் வேலை என்று நினைத்து, கண் கலங்க அவன் வீட்டுக்குப் போனார்.

"உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை, ரேமோ."

"எதுக்கு?"

"கவாத்துக்குத்தான்."

"யோவ், என் தோட்டத்துக் கவாத்தே இன்னும் அப்படியே கிடக்கு. நீதான் விடிஞ்சும் விடியாததுமா வெட்டறேன்னு நினைச்சேன். கத்தரி சத்தம் தினம் கேக்குதே."

இருவரும் போய்ப் பார்த்தார்கள். ரேமோ ஒரு கொடியைப் பிடித்து, வெட்டுவாயைக் கட்டைவிரலால் தடவினான். கத்தரி பிடிக்கிற கையைப் பொறுத்து வெட்டு சாயும். நாற்பது வருஷமாகக் கத்தரி பிடிக்கிறவனுக்கு அதைப் படிக்கத் தெரியும்.

"இது இடதுகை வெட்டு" என்றான்.

அந்தச் சுற்றுவட்டாரத்தில் இடதுகைக்காரி ஆர்ஜியா ஒருத்திதான். ரேமோ கொடியை விட்டான், கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான், விடைபெறாமல் வீட்டைப் பார்த்து நடந்தான். அன்றிலிருந்து அவன் டிராக்டர் அந்தப் பக்கமே வருவதில்லை. சுற்றுவழியாக மூன்று கிலோமீட்டர் போகிறது.

முதல் மாசம் எஜிஸ்தோ பயந்துபோய் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. கதவைத் தாழிட்டுக்கொண்டு கிடந்தார். ஏப்ரலில் தளிர் நீண்டபோது, ஒவ்வொரு தளிரும் ஆற்றோரத்து வில்லோ மரத்தின் மெல்லிய மிலாறால் கம்பியோடு கட்டப்பட்டிருந்தது. முடிச்சு அவள் முடிச்சு, இரண்டு சுற்றுச் சுற்றி உள்ளே செருகுவது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றவருக்கு, பயம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அழுகை வந்தது. அவள் எங்கும் போகவில்லை, இங்கேதான் இருக்கிறாள் என்று ஒரு சந்தோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

அதற்குப் பிறகு தினம் காலையில் காப்பியோடு வரிசை முனையில் போய் உட்கார்ந்துகொண்டார். அவளைக் கண்ணால் கண்டதில்லை. காற்றில்லாத நாளிலும் வரிசைக்கு அந்தப் பக்கம் இலை அசையும், அவ்வளவுதான். அவர் பேசுவார்: எந்தப் பத்திரிகையில் தன்னைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், யார் கோபன்ஹேகனுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், முழங்கால் வலி எப்படியிருக்கிறது. அந்தப் பக்கம் வேலை நடந்துகொண்டிருக்கும். உயிரோடு இருந்தபோதும் இதே கதைதானே! அவர் பேசுவார், அவள் செய்வாள்.

செப்டம்பர் கடைசியில் அறுவடை. சியேனாவிலிருந்து கூலிக்கு ஆட்கள் வந்து பறித்துக் கொட்டிவிட்டுப் போனார்கள். நிலவறையில் பெரிய மரத்தொட்டி நிரம்பியது. மறுநாள் எஜிஸ்தோ, பெரிய மனசு பண்ணி, தானே மத்தெடுத்து அமுக்கலாம் என்று கீழே இறங்கினார். ஏடு ஏற்கெனவே அமுக்கியிருந்தது. மத்து கழுவி, சுவரில் சாத்தி, நீர் சொட்டிக்கொண்டிருந்தது. மனுஷன் திரும்பி மேலே வந்து பத்திரிகை படிக்க உட்கார்ந்தார்.

அக்டோபர் முதல் வாரம் ஆர்ஜியாவின் அக்கா நோர்மா கைத்தடி ஊன்றிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். ஜனவரியில் இடுப்பெலும்பு முறிந்து குரோசேத்தோ ஆஸ்பத்திரியில் கிடந்ததால் தங்கச்சியின் அடக்கத்துக்கு வர முடியாமல் போனவள். எழுபது வயசு, வாய் மட்டும் இருபது.

"இளைச்சிருப்பேன்னு நினைச்சு வந்தேன்" என்றாள் எஜிஸ்தோவைப் பார்த்து. "நல்லா ஊதித்தான் இருக்கே."

மத்தியானம், நிலவறைக்கு நேர் மேலே இருக்கிற கூடத்தில் உட்கார்ந்து எண்ணெய் விட்ட வெள்ளை மொச்சையும், திராட்சை பதித்த ரொட்டியும் சாப்பிட்டார்கள். இரண்டு மணி. பள்ளத்தாக்கு முழுக்கக் கதவடைத்துத் தூங்கும் நேரம், நாய்கூடக் குரைக்காது. அப்போது காலுக்குக் கீழேயிருந்து சத்தம் கேட்டது. தொப். சளக். தொப். சளக்.

நோர்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "கீழே யாரு?"

"யாருமில்லையே. ஒயின் பொங்குது."

தொப். சளக். பிறகு, இருமல். வறட்டு இருமல், மூன்று தரம்.

"ஒயினுக்கு இருமல் வருமா எஜிஸ்தோ?"

அவர் ரொட்டித் துணுக்குகளை மேசையில் ஒன்றுசேர்க்க ஆரம்பித்தார். நோர்மா எழுந்தாள். பொங்கும் தொட்டியிருக்கிற அறைக்குள் மெழுகுவத்தி இல்லாமல் போகக்கூடாது. காற்று கெட்டிருந்தால் சுடர் சொல்லும். வத்தியை ஏற்றிக்கொண்டு, ஒரு படிக்கு ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு இறங்கினாள். எஜிஸ்தோ நாற்காலியை விட்டு அசையவில்லை. திரும்பி வந்தபோது அவள் முகம் சுண்ணாம்பாக இருந்தது. அழவில்லை.

"எத்தனை மாசமா?"

"ஜனவரியிலேர்ந்து."

"நீ தொட்டிக்குச் சொல்லலையா?"

"என்னத்தைச் சொல்லணும்?"

"அட பாவி!" நோர்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "எங்க மலையில சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே. ஒயினுக்கு உழைச்ச கை செத்துப்போனா, சவப்பெட்டி வாசல் தாண்டறதுக்குள்ள வீட்டாள் ஒருத்தன் கீழே போய்த் தொட்டியை மூணு தட்டுத் தட்டிச் சொல்லணும். 'இன்னார் செத்தாச்சு, இனி உன்னை நான் பார்த்துக்கறேன்'னு. சொல்லலைன்னா ஒயினுக்கு எப்படித் தெரியும்? அது பாட்டுக்குக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கும். கூப்பிட்டா என் தங்கச்சி போகாம இருப்பாளா? எங்கப்பா செத்தப்ப, எட்டு வயசுல, தொட்டிக்குச் சொன்னதே அவதான்."

"இதெல்லாம் பழங்காலத்து மூடநம்பிக்கை, நோர்மா."

"அப்ப கீழே இருமறது யாரு, உங்க பாட்டனா?"

எஜிஸ்தோ சேர்த்த ரொட்டித் துணுக்குகளை விரலால் தட்டிவிட்டார். "நான் ஒயின்ல தலையிடறதில்லைன்னு உங்களுக்கே தெரியும். அது என் கொள்கை."

"உன் கொள்கையில இடி விழ! ஒருத்தியை உயிரோட இருந்தப்ப அரைச்சே. போதலைன்னு செத்தப்புறமும் அரைக்கறே. கீழே போய்க் காது கொடுத்துக் கேட்டியா? மூச்சு வாங்குதுடா அவளுக்கு. செத்தவளுக்கு மூச்சு வாங்கற கொடுமையை எங்கேயாவது கேட்டிருக்கியா?"

"நீங்களே போய்ச் சொல்லிடுங்களேன்."

"நான் சொல்லி எடுபட்டா உன்கிட்ட எதுக்குக் கெஞ்சறேன்? இனிமே வேலையை யாரு ஏத்துக்கறாங்களோ அவங்க வாயால வரணும். நீ சொன்னா அவ படுத்துத் தூங்குவா. நீ சொல்லலைன்னா அவளுக்கு முடிவே கிடையாது. அவ்வளவுதான் விஷயம்."

எஜிஸ்தோ மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். பிறகு உள்ளது வெளியே வந்துவிட்டது. "அவ போயிட்டா எனக்குன்னு யாரு இருக்கா, நோர்மா?" குரல் உடைந்து அழுதார்.

"ஆடு நனையுதுன்னு ஓநாய் அழுததாம்" என்றாள் நோர்மா. ஆனால் அவளுக்கும் குரல் தழுதழுத்தது. "அவளுக்கு யாருப்பா இருந்தா?"

நாளைக்குச் சொல்கிறேன் என்றார். அந்த நாளை போய் அடுத்த நாளையும் வந்தது. நோர்மா ஊருக்குக் கிளம்பவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்குப் பயந்தே எஜிஸ்தோ அடிக்கடி நிலவறைக்கு இறங்கினார். இதுவரை கவனிக்காததெல்லாம் அப்போதுதான் கண்ணில் பட்டது. ஏடு ஒரு பக்கம்தான் அமுங்கியிருந்தது. மறுபக்கம் கை எட்டாதவள் விட்டுவிட்டதுபோல் மேடாகக் கிடந்தது. மத்து சுவரில் இல்லை, தரையில் போட்டபடி கிடந்தது. தொட்டியின் விளிம்பில் ஈரமான கைத்தடம், விரல்கள் மரத்தை இறுக்கிப் பிடித்தபடி. அதற்குக் கீழே, ஆர்ஜியாவின் உயரத்துக்குச் சரியாக, உள்ளங்கையகலத்துக்கு வட்டமாக ஓர் ஈரம். அது என்னவென்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவள் நெற்றியைத் தொட்டியில் முட்டுக் கொடுத்து நின்றிருக்கிறாள்.

படியிலும் ஈரம் இருந்தது, உட்கார்ந்து எழுந்த அடையாளமாக. மூன்றாவது படியில் ஒன்று. ஐந்தாவது படியில் இன்னொன்று. ஐந்து படி ஏறுவதற்குள் இரண்டு தரம் உட்கார்ந்திருக்கிறாள். முப்பத்தோரு வருஷத்தில் ஆர்ஜியா உட்கார்ந்து அவர் பார்த்ததேயில்லை. பாவி மனுஷன் அந்த ஐந்தாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தான் எப்பேர்ப்பட்ட கல்நெஞ்சக்காரன் என்று முதல் தடவையாகத் தெரிந்தது. மேலே வந்து, "இன்னிக்குச் சொல்லிடறேன்" என்றார்.

மூன்றாம் நாள், அதே இரண்டு மணிக்கு, கீழே சத்தம் தொடங்கியதும் அவர் மெழுகுவத்தியோடு இறங்கினார். நோர்மா படிவாசலில் மேலே நின்றாள். அவள் வாய்விட்டு ஜெபமாலை சொல்லும் சத்தம் அவர் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

நிலவறையில் புளித்த பழவாசனை கண்ணைக் கரித்தது. சுடர் குட்டையாக, ஆனால் அணையாமல் நின்றது. தொட்டிக்கு அந்தப் பக்கம் மத்து ஏறி இறங்கும் சத்தம். தொப். நீண்ட மூச்சு. சளக். இன்னொரு மூச்சு. மத்தின் நுனி இருட்டில் மேலே வந்து மறைந்தது. பிடித்த கை தெரியவில்லை.

எஜிஸ்தோ விரலை மடித்து மரத்தில் மூன்று தரம் தட்டினார்.

மத்து நின்றது. பொங்கும் நுரையின் முணுமுணுப்புகூட அடங்கிவிட்டது. அந்தப் பக்கத்தில் யாரோ நிமிர்ந்து நிற்பது அவருக்குத் தெரிந்தது. மூட்டை கட்டி வைத்துவிட்டு வண்டிக்குக் காத்திருக்கிறவள்போல அவள் காத்திருந்தாள். எட்டு வயசில் தானே சொன்ன சொல் அல்லவா? மூன்று தட்டுக்கு அப்புறம் என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும்.

"ஆர்ஜியா" என்றார்.

அடுத்த சொல் நாக்கு நுனிவரை வந்தது. கூடவே அடுப்படியும் வந்தது; டிசம்பர் மழையும், மேசைமேல் ஒற்றைத் தட்டும், அசையாத இலையும். வரிசை முனையில் உட்கார்ந்து யாரிடம் பேசுவது?  நெற்றி வைத்த அந்த ஈர வட்டத்தின்மேல் தன் உள்ளங்கையை வைத்தார். சில்லென்று இருந்தது.

"ஆர்ஜியா... கீழே இவ்வளவு குளிரா இருக்கே. சால்வையைப் போத்திக்கிட்டு வந்திருக்கக்கூடாதா?"

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவளைப் பற்றி அவளிடம் அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். கபடமாகக் கேட்கவில்லை. நிஜமான அன்போடுதான் கேட்டார். அதுதான் மகா பாவமாகப் போயிற்று.

அந்தப் பக்கம் மூச்சு அப்படியே நின்றது. ஒரு சின்ன விம்மல் கேட்டது. அப்புறம் மத்து சாற்றிலிருந்து மேலே எழும் சத்தம். தொப். சளக். தொப். சளக். களைப்பில்லை, இருமல் இல்லை. புதுப்பெண்ணாக அந்த வீட்டுக்கு வந்த வருஷத்தில் அவள் அமுக்கிய அதே வேகம். தொட்டியின் பலகைகள் அதிர்ந்தன.

"எஜிஸ்தோ!" மேலேயிருந்து நோர்மா கூப்பிட்டாள். தன் ஜெப இரைச்சலில் அவளுக்குக் கீழே நடந்தது காதில் விழவில்லை. "சொல்லிட்டியாப்பா?"

அவர் விறுவிறுவென்று படியேறி வந்து, முதுகாலேயே கதவைத் தள்ளிச் சாத்தினார். நிலவறைக் கதவு நாலு விரல்கடை கனமான செஸ்ட்நட் மரப்பலகை, சத்தம் லேசில் கசியாது.

"சொல்லிட்டேன்."

"போயிட்டாளா?"

"போயிட்டா."

நோர்மாவின் கைத்தடி கீழே விழுந்தது. அவர் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓவென்று அழுதாள். "நான் உன்னை என்னென்னவோ பேசிட்டேன். மனசுல வச்சுக்காதே. நீ நல்லாயிருப்பே. என் தங்கச்சி இனிமேலாவது தூங்கட்டும்."

"காப்பி போடறேன், வாங்க" என்று எஜிஸ்தோ சத்தமாகச் சொன்னார். வீட்டின் மறுகோடியில் இருந்த அடுப்படிக்கு அவளைக் கைத்தாங்கலாக அழைத்துப்போகும்வரை சத்தமாகவே பேசிக்கொண்டிருந்தார். மழையைப் பற்றி, பஸ் நேரத்தைப் பற்றி, ஏதேதோ.

நோர்மா அன்று மாலையே ஊருக்குப் புறப்பட்டாள். பஸ் வளைவு திரும்பும்வரை எஜிஸ்தோ நின்று கையசைத்தார். பிறகு வீட்டுக்குள் போய், அலமாரியில் தேடி ஆர்ஜியாவின் சாம்பல்நிறக் கம்பளிச் சால்வையை எடுத்து உதறி, நிலவறையின் மேல்படியில் மடித்து வைத்தார்.